கறுப்புத் தோலில் வந்தால் ஆட்டிசமும் குற்றமா?

நூலகம் திறக்க இன்னும் நேரம் இருக்கிறது. வெளியே புல்தரையில் ஒரு பையன் உட்கார்ந்து காத்திருக்கிறான். வயது 18. ஆட்டிசம் உள்ளவன். இடம் அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலம், ஸ்டாஃபோர்ட் மாவட்டம். ஆண்டு 2010. அவன் செய்த ஒரே காரியம் அங்கே உட்கார்ந்திருந்ததுதான். ஆனால் அவன் கறுப்பினப் பையன். சந்தேகத்துக்குரிய கறுப்பின ஆள் ஒருவன் இருக்கிறான், துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று போலீசுக்குத் தகவல் போகிறது.

துப்பாக்கி எதுவும் இல்லை. போலீஸ் அதிகாரி வந்தார், பெயரைக் கேட்டார். பையன் சொல்லவில்லை. எழுந்து நடக்கத் தொடங்கினான். அதிகாரி பிடித்தார். கைகலப்பு ஏற்பட்டது. அதிகாரிக்குப் பலத்த காயம். அந்தக் காயத்தை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது எங்கிருந்து தொடங்கியது என்பதையும் மறைக்கக்கூடாது அல்லவா?

பத்தரை ஆண்டுச் சிறை தரலாம் என்றது ஜூரி. நீதிபதி அதில் பெரும்பகுதியை நிறுத்தி வைத்தார். ஆனால் சிறைக்குள் போன பிறகு அங்கேயும் ஒரு மோதல், மீண்டும் வழக்கு, நீண்ட காலத் தனிமைச் சிறை. சத்தமும் வெளிச்சமும் தாங்காத ஒருவனைச் சிறையில் போட்டால் வேறென்ன நடக்கும்? 2015இல் ஆளுநர் டெர்ரி மெக்காலிஃப் நிபந்தனையுடன் மன்னிப்பு வழங்கினார். முழு மன்னிப்பு கிடைத்தது 2021இல், ஆளுநர் ரால்ஃப் நார்தம் கையால். அந்தப் பையனின் பெயர் நெலி லாட்சன். மன்னிப்பு முழுமையாக வந்தபோது அவன் பையன் அல்ல. முப்பதை நெருங்கிய மனிதன்.

இது அமெரிக்காக்காரன் கதை, நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். பொறுமையாகப் படியுங்கள். நம் வீட்டுப் பிள்ளையின் கதை இதில் எங்கே வருகிறது என்று நீங்களே கண்டுகொள்வீர்கள்.

முதலில் ஆட்டிசம் என்றால் என்ன? தமிழில் 'மதியிறுக்கம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. இறுகிப்போனது எதுவும் அந்தப் பிள்ளைகளிடம் இல்லை. பிறரோடு பேசுவதும் பழகுவதும் அவர்களுக்கு வேறு விதமாக அமைந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்று, நம்மில் பலர் அறியாதது: அவர்களில் பெரும்பாலோருக்கு ஐம்புலன்களும் வேறு விதமாக வேலை செய்கின்றன. நமக்குக் கேட்காத குழல்விளக்கின் இரைச்சல் அவர்களுக்குக் காதைக் குடையும். சட்டைக் காலரில் உள்ள துணிச்சீட்டு முள்ளாய்க் குத்தும். எதிர்பாராமல் தோளில் கைவைத்தால் சூடு பட்டதுபோல் துள்ளுவார்கள். சிலருக்கு நேர்மாறு. அடிபட்டு ரத்தம் வந்தாலும் வலி தெரியாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் கையேட்டில்தான் இந்தப் புலன் வேறுபாடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. பெற்ற தாய்மார்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது போலீஸ்காரர் ஒருவரை நிறுத்துவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். சைரன் ஒலி. கண்ணைக் கூசும் சுழல் விளக்கு. முகத்துக்கு நேரே டார்ச். இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தும் கட்டளைகள். பின்னாலிருந்து மணிக்கட்டைப் பிடித்து முறுக்குதல். ஆட்டிசம் உள்ளவரை நிலைகுலையச் செய்ய வேண்டுமென்று யாராவது திட்டம் போட்டால் இதைவிடச் சிறந்த திட்டம் கிடைக்காது! அவர் காதைப் பொத்துகிறார்: கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை என்று எழுதுகிறார்கள். கையை உதறுகிறார்: எதிர்த்துத் தாக்கினார். கண்ணைப் பார்க்கவில்லை: எதையோ மறைக்கிறார். பதில் வரவில்லை: திமிர். முறுக்கியும் வலிக்கவில்லை: போதை ஏறியிருக்கிறான்.

வெள்ளைப் பிள்ளைக்கும் இது நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளைப் பிள்ளை காதைப் பொத்தினால் இவனுக்கு ஏதோ பிரச்சினை என்று யோசிப்பவர், கறுப்புப் பிள்ளை பொத்தினால் இவனால் நமக்கு ஏதோ பிரச்சினை என்று யோசிக்கிறார். வேறுபாடு இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. இந்த ஒரு வரியில்தான் உயிர் போகிறது.

அமெரிக்கக் கறுப்பினப் பெற்றோர் தங்கள் மகன்களுக்கு, கொஞ்சம் வளர்ந்ததும், உட்காரவைத்து ஒரு பாடம் சொல்வார்கள். போலீஸ் நிறுத்தினால் கை இரண்டும் வெளியே தெரியட்டும். திடீரென்று அசையாதே. சட்டைப் பைக்குள் கை விடாதே. கேட்டதற்கு 'சார்' போட்டு உடனே பதில் சொல். ஓடாதே. அடிமைக்காலம் தொட்டு ரத்தம் சிந்திக் கற்ற பாடம் இது. ஆட்டிசம் உள்ள மகனுக்கு இதை எப்படிச் சொல்வது? பதற்றம் வந்தால் கையை உதறுவதுதான் அவனுக்கு ஆறுதல். திடீரென்று கேட்டால் சொல் வராது. பயந்தால் ஓடுவான். தாய் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு விதியும் அவன் உடம்போடு மோதுகிறது. 'கையை ஆட்டாதே' என்று அவள் அதட்டுவது ஊர் சிரிக்குமே என்ற கூச்சத்தால் அல்ல. சுட்டுவிடுவார்களே என்ற பயத்தால்.

இல்லினாய் மாநிலம் கேலுமெட் சிட்டியில் 2012 பிப்ரவரி முதல் தேதி அதுதான் நடந்தது. ஸ்டீஃபன் வாட்ஸ், வயது 15, ஆட்டிசம் உள்ள கறுப்பினப் பையன். வீட்டில் கட்டுக்கடங்காமல் போனபோது தந்தை உதவிக்குப் போலீசை அழைத்தார். வந்தவர்கள் சுட்டார்கள். பையன் தன் சொந்த வீட்டிலேயே செத்தான். 2024 மார்ச் மாதம் கலிஃபோர்னியாவின் ஆப்பிள் வேலியில் ரயன் கெய்னர், அவனுக்கும் 15 வயது, அவனுக்கும் ஆட்டிசம், அங்கேயும் வீட்டிலிருந்துதான் அழைப்பு போனது. கையில் தோட்ட வேலைக் கருவி வைத்திருந்தான் என்று சுட்டுக் கொன்றார்கள். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டு. என்ன மாறியது?

போலீஸ் வருவது கடைசிக் காட்சி. கதை அதற்கு வெகு முன்பே, மருத்துவரின் அறையில் தொடங்கிவிடுகிறது.

1943இல் லியோ கேனர் என்ற மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் என்ற நோயறிதல் உலகுக்குப் பரவியது. பதினொருவரும் வெள்ளைப் பிள்ளைகள். பெற்றோர் பெரும்பாலும் நன்கு படித்த, வசதியுள்ள குடும்பத்தார். அவரைத் தேடிப்போக யாருக்கு வசதி இருந்ததோ அவர்களின் பிள்ளைகளைத்தான் அவர் பார்த்தார். ஆனால் ஆட்டிசம் என்றால் படித்த வெள்ளைக்காரன் வீட்டு விவகாரம் என்ற படம் மருத்துவர்கள் மனத்தில் பதிந்துவிட்டது. அந்தப் படத்தில் கறுப்புப் பிள்ளைக்கு இடமே இல்லை.

விளைவு என்ன? ஃபிலடெல்ஃபியாவில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அரசின் ஏழைகளுக்கான மருத்துவ உதவி பெறும் குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டது. வெள்ளைப் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று சொல்லப்பட்ட சராசரி வயது 6.3. கறுப்புப் பிள்ளைக்கு 7.9. கவனியுங்கள், இரண்டு தரப்பும் ஏழைகள்தாம். வறுமை ஒன்று, தோல்தான் வேறு. 2020இல் வெளியான இன்னோர் ஆய்வு, ஆட்டிசம் உள்ள 584 கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளையிடம் ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்று பெற்றோர் கவலைப்படத் தொடங்கிச் சராசரியாக மூன்று ஆண்டுக்கும் மேல் கழித்துத்தான் பெயர் கிடைத்தது. பெற்றோர் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாது. அவர்கள் கவனித்தார்கள். அவர்கள் சொன்னதை யாரும் கவனிக்கவில்லை.

அந்த மூன்று ஆண்டில் பிள்ளைக்கு வேறு பெயர்கள் ஒட்டிக்கொள்கின்றன. முரடன், அடங்காதவன், வளர்ப்புச் சரியில்லாதவன். அந்தப் பெயர்களுக்கு மருத்துவர் கையெழுத்துத் தேவையில்லை. வகுப்பாசிரியரே கொடுத்துவிடலாம். பிறகு அந்தக் கோப்பு பள்ளியிலிருந்து போலீசுக்கும் போலீசிலிருந்து நீதிமன்றத்துக்கும் நடக்கிறது.

அண்மைக் காலத்தில் ஒரு மாற்றம் இருக்கிறது. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் எட்டு வயதுப் பிள்ளைகளிடையே எடுத்த கணக்கில், 2023இல் வெளியான அறிக்கையில்தான் முதன்முறையாகக் கறுப்பினப் பிள்ளைகளிடையே ஆட்டிசம் வெள்ளைப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகப் பதிவானது. நோய் பரவிவிட்டது என்று பொருளல்ல. விடுபட்டவர்களை எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனாலும் அதே கணக்கில், ஆட்டிசம் உள்ள கறுப்பினப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்திருப்பதாகப் பதிவு, வெள்ளைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான். கறுப்பினத்தில் ஓரளவு பேசி, படித்து, சமாளித்துக்கொண்டு போகும் பிள்ளைகள் இன்னும் விடுபடுகிறார்களோ என்ற சந்தேகம் நியாயமானது. நூலகத்துக்குத் தனியாகப் போகும் பிள்ளைகள் அவர்கள்தாம்.

இன்னும் பின்னே போனால் நெஞ்சு கொதிக்கும். கறுப்பு உடம்பின் புலன்களைப் பற்றி வெள்ளை மருத்துவம் ஒரு கதை கட்டி வைத்திருந்தது. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், கறுப்பர்களுக்கு மட்டுமே வரும் ஒரு 'நோய்' இருப்பதாக எழுதினார். அதன் அடையாளம் தோல் மரத்துப்போவதும் சோம்பலும். மருந்து? உடம்பில் எண்ணெய் தடவித் தோல்வாரால் அடித்துக் கடும் வேலை வாங்குவது. தப்பி ஓடும் அடிமைக்கும் இன்னொரு நோய்ப்பெயர் வைத்தார். அதே காலத்தில் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப் பெண்களின் உடம்பில் மயக்க மருந்தே இல்லாமல் திரும்பத் திரும்ப அறுவைச் சிகிச்சை செய்து பழகினார். கறுப்பருக்கு வலிக்காது! இந்தக் கட்டுக்கதை செத்துப்போன பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2016இல் வெர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளை இன மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பர் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள்.

ஆக, கறுப்புப் பிள்ளை 'சத்தம் வலிக்கிறது' என்றால் யார் நம்புவார்? அவன் இனத்துக்கே வலிக்காது என்று எழுதி வைத்துவிட்டார்களே.

உண்மையான பெயர் கிடைக்காத அதே மக்களுக்குப் பொய்யான பெயர் மட்டும் சுலபமாகக் கிடைத்தது. 'எக்சைட்டட் டெலிரியம்' என்று ஒன்று. வெறி பிடித்து, வலி தெரியாமல், மனித சக்திக்கு மீறிய பலத்தோடு ஒருவன் தாக்குவானாம், தானாகவே செத்தும் போவானாம். போலீஸ் பிடியில் செத்த கறுப்பின ஆண்கள் பலரின் மரணத்துக்கு இதுதான் காரணம் என்று எழுதப்பட்டது. கொலராடோ மாநிலம் அரோரா நகரில் 2019 ஆகஸ்ட் 24 இரவு எலைஜா மெக்லேன் என்ற 23 வயது இளைஞர், கடையிலிருந்து தேநீர் பானம் வாங்கிக்கொண்டு, காதில் இசையோடு வீட்டுக்கு நடந்து போனார். முகத்தை மூடியிருந்தார். அவருக்கு எளிதில் குளிர் எடுக்கும் என்றார்கள் குடும்பத்தார். சந்தேகமாக இருக்கிறது என்று யாரோ போலீசை அழைத்தார்கள், ஆயுதம் எதையும் பார்க்கவில்லை என்றும் சொன்னார்கள். காரிலிருந்து இறங்கிய அதிகாரி பத்து விநாடிக்குள் அவர் மேல் கை வைத்தார். கழுத்துப் பிடி போட்டார்கள். பின்னர் அவசர மருத்துவ ஊழியர்கள் 'எக்சைட்டட் டெலிரியம்' என்று சொல்லி 500 மில்லிகிராம் கெட்டமின் ஏற்றினார்கள். ஒல்லியான அந்த உடம்புக்கு அது மிக அதிகம். சில நாளில் இறந்தார்.

எலைஜாவை ஆட்டிசம் உள்ளவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தான் யாரோடும் அதிகம் பழகாதவன், தன் எல்லையை மதியுங்கள், தான் வித்தியாசமானவன் என்று அவர் கெஞ்சியது போலீஸ் கேமராவிலேயே பதிவாகி இருக்கிறது. ஆட்டிசம் உள்ள கறுப்பினத்தவர் பலர் அந்தக் குரலில் தங்கள் குரலைக் கேட்டார்கள். முதலில் வழக்கே இல்லை என்றார்கள். 2020இல் மக்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் மீண்டும் திறந்தார்கள். 2023இல் ஒரு போலீஸ் அதிகாரியும் இரண்டு மருத்துவ ஊழியர்களும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. இரண்டு அதிகாரிகள் விடுதலை ஆனார்கள். அதே 2023இல் அமெரிக்க அவசரப் பிரிவு மருத்துவர் கல்லூரி, அந்த 'நோயை' ஆதரித்துத் தான் 2009இல் வெளியிட்ட அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்படியானால் அதை நம்பி மூடிய கோப்புகள்?

சட்டம் படித்தவன் என்பதால் சட்டத்தின் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். 1976இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது. நிறுவனம் 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கே சேர்க்கவில்லை. பின்னர் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்ற விதிப்படி அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். நீதிமன்றம் என்ன சொன்னது? பெண்களை நிறுவனம் வேலைக்கு வைத்திருக்கிறது, ஆகவே பெண் என்ற பாகுபாடு இல்லை. அந்தப் பெண்கள் வெள்ளைக்காரிகள்! இனப்பாகுபாடு என்றால் கறுப்பின ஆண்கள் தொடுத்த வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒரு பிரிவை உண்டாக்க முடியாது. இந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டுதான் 1989இல் கிம்பர்லே கிரென்ஷா என்ற கறுப்பினச் சட்ட அறிஞர் நாற்சந்தி உவமையைச் சொன்னார். சந்தியின் நடுவில் நிற்பவரை எந்தப் பக்கத்து வண்டியும் மோதலாம், எல்லாப் பக்கத்து வண்டிகளும் ஒன்றாகவும் மோதலாம். எந்த வண்டி மோதியது என்று நிரூபித்தால்தான் ஆம்புலன்ஸ் வரும் என்றால் அவர் கதி என்ன?

ஆட்டிசம் உள்ள கறுப்பினப் பிள்ளை அந்தச் சந்தியில்தான் நிற்கிறான். இனப் பாகுபாட்டுக்கு 1964ஆம் ஆண்டுச் சட்டம், உடற்குறைக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம். ஆட்டிச அமைப்புகளின் மேடையில் வெள்ளைப் பெற்றோர், இனவுரிமை மேடையில் ஆட்டிசம் பற்றிப் பேச்சில்லை. இந்த இரண்டு மேடைக்கும் நடுவே விழுந்தவர்கள் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். மொரெனிகே கிவா ஒனைவு போன்றோர் சேர்ந்து 2017இல் வெள்ளையரல்லாத ஆட்டிசம் உள்ளோரின் எழுத்துகளை மட்டுமே தொகுத்து ஒரு நூலாகக் கொண்டுவந்தார்கள்.

நம் கதைக்கு வருவோம். சென்ற ஆண்டு ஒரு தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். கையில் பள்ளியின் ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம். பத்து வயது மகன், திங்கட்கிழமை சபைகூடலில் ஒலிபெருக்கி போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு வரிசையிலிருந்து ஓடினான், பிடிக்க வந்த ஆசிரியரைத் தள்ளிவிட்டான். "லாயர் சார், கோயில்ல உருமி அடிச்சாலும் இவன் இப்படித்தான் சார் ஓடுவான். சாமி வந்திருக்குன்னு சொன்னாங்க. இப்ப ஸ்கூல்ல கேங்ஸ்டர் புத்தின்னு சொல்றாங்க" என்றார். பத்து வயதுப் பிள்ளைக்கு கேங்ஸ்டர் புத்தி! மலாய்ப் பிள்ளையோ சீனப் பிள்ளையோ ஓடியிருந்தால் அந்தச் சொல் வந்திருக்குமா? நெலி லாட்சனைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.

நாம் கறுப்பர்களைப் போல் அடிமைச் சந்தையில் விற்கப்பட்டவர்கள் அல்ல, இரண்டையும் ஒன்றென்று சொல்வது பொய். ஆனால் இன முத்திரை பிள்ளையின் உடம்பைத் தவறாகப் படிக்க வைக்கும் விதம் ஒன்றுதான். ஈப்போ நாகேந்திரன் தர்மலிங்கத்தை மறந்துவிட்டோமா? 42.72 கிராம் ஹெராயினோடு 2009இல் சிங்கப்பூரில் பிடிபட்டவர். ஆட்டிசம் அல்ல, அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று பதிவாகியிருந்தது. அது அவர் பொறுப்பைக் குறைக்காது என்றன நீதிமன்றங்கள். 2022 ஏப்ரல் 27 விடியலில் தூக்கிலிட்டார்கள்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 8(2) பிரிவில் சமயம், இனம், வம்சம், பிறந்த இடம் ஆகியவற்றோடு 2001இல் பால் சேர்க்கப்பட்டது. உடற்குறை அப்போது சேர்க்கப்படவில்லை. 2008ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டம் உரிமைகளை அழகாக அடுக்கியது. ஆனால் மீறினால் தண்டனை என்ற பிரிவு இல்லாமலே இயற்றினார்கள். போதாததற்கு 41ஆம் பிரிவில் அரசாங்கத்தின் மேல் வழக்குத் தொடர முடியாதபடி ஒரு வேலியும் போட்டார்கள்.

இல்லினாயில் ஸ்டீஃபனின் அக்காவும் மற்றவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். மனநல நெருக்கடி என்று அழைத்தால் துப்பாக்கி ஏந்தியவருக்குப் பதில் பயிற்சி பெற்ற மனநல ஊழியர் வர வேண்டும் என்ற சட்டம் 2021இல் அங்கே நிறைவேறியது. ஸ்டீஃபன் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். நடைமுறைக்குக் கொண்டுவருவதை இழுத்தடித்தார்கள் என்பது வேறு கதை. நம் இயக்கம் இங்கே கேட்க வேண்டியதும் அதுதான். லோக்காப் மரணங்களைப் பற்றி நாம் எழுப்பும் கேள்விகளில் இந்தக் கேள்வியும் சேரட்டும்: பிடிபட்டவனுக்குச் சத்தம் தாங்குமா, கேள்வி புரிந்ததா என்று யாராவது பார்த்தார்களா?

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அரசாங்க கிளினிக்கில் 18 மாதத்திலும் மூன்று வயதிலும் பிள்ளைக்கு ஆட்டிசத்துக்கான கேள்விப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். 'எல்லாம் சரி' என்று கோடு போட்டுவிட்டு வராதீர்கள். சந்தேகம் இருந்தால் அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள், காசில்லை என்று நின்றுவிடாதீர்கள். சமூகநல இலாகாவின் ஓகேயூ அட்டை எடுத்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது, பையனுக்குப் பெயர் கெடும் என்று ஒளிக்கிறோம். நாம் அந்தப் பெயரைத் தராவிட்டால் வேறொருவர் வேறொரு பெயர் தரக் காத்திருக்கிறார். அட்டை குண்டைத் தடுக்காது, உண்மை. நெலிக்கு ஆட்டிசம் என்று தெரிந்தும் சிறைக்கு அனுப்பினார்கள். ஆனால் கோப்பில் ஒரு மருத்துவர் கடிதம் இருந்தால் என் போன்றவர்கள் மகிஸ்திரேட் முன் நின்று பேச ஒரு பிடி கிடைக்கும்.

அந்தப் பத்து வயதுப் பையனுக்கு மருத்துவமனைத் தேதி கிடைக்க ஏழு மாதம் ஆனது. கடிதம் வந்தபின் ஒழுங்கு நடவடிக்கையைப் பள்ளி கைவிட்டது. சபைகூடலின்போது ஒலிபெருக்கிக்கு எட்டத்தில், கடைசி வரிசையில் அவன் நிற்கிறான், காதில் தொழிற்சாலை இயந்திரப் பகுதியில் போடும் காதுமூடி. அம்மா வேலையிடத்தில் கேட்டு வாங்கி வந்தது.